பதிமூணாவது ரோல்

எங்க அக்காவுக்கு லசானியா ஒத்துக்காது. குடும்பத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எம் பொண்ணு சொல்றா, மாப்பிள்ளை சொல்றாரு. சம்பந்தியம்மா வீட்டு விசேஷத்துல கூட, "பெரியம்மாவுக்குத் தனியா ரசம் சோறு எடுத்து வச்சிடுங்க"ன்னு அந்தம்மா ஞாபகமா சொல்லுவாங்க. அது பொய்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேருதான், அவளும் நானும். பொய்யைச் சொன்னது அவ, சொல்ற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டது நான். அதை எப்படிப் பண்ணேன்னு ஒரு தடவையாவது முழுசா எழுதி வைக்கணும்னு தோணுது.

செங்கம் ரோட்டுல, ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சின்ன ஓட்டல். காபி, ரொட்டி, வெள்ளக்காரங்க சாப்பிடற பலகாரம். அங்க அடுப்படியில பதினெட்டு வருஷம் நின்னிருக்கேன். சப்பாத்தி தேய்க்கப் போனவ, போகப்போக எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். லசானியான்னா ஒண்ணுமில்ல, மாவுல பட்டையா செஞ்சு காய வச்ச தாளு. அதை வேக வச்சு, நடுவுல கீரை, பன்னீர், தக்காளிக் குழம்புன்னு அடுக்கி, மேல சீஸ் தூவி ஓவன்ல வைக்கறது. முதல்ல பெரிய தட்டுல மொத்தமா செஞ்சு, கேக்கறப்ப வெட்டி வச்சோம். எங்களுக்கு வர்றவங்க ஒருத்தர் பதினொரு மணிக்கு வருவாங்க, ஒருத்தர் நாலு மணிக்கு. வெட்டின துண்டு அதுக்குள்ள உப்புமா மாதிரி ஆயிடும். அப்புறம் முதலாளியம்மா போன்ல ஒரு வீடியோ காட்டுனாங்க. ஒவ்வொரு தாளையும் தனித்தனியா சுருட்டிட்டா யாருக்கு எப்ப வேணுமோ அப்ப எடுத்து வைக்கலாம். அதுக்கு ரோல்னு பேரு வச்சோம். தலைக்கு ரெண்டு. சீட்டுல மூணு பேருன்னு எழுதி வந்தா ஆறு ரோல் எடுத்து வைப்பேன்.

அடுப்படியில நிக்கறவங்க அந்தக் கணக்குல வர மாட்டோம். மூணு மணிக்கு மேல ஆளுக்கொரு தட்டுல சோத்தைப் போட்டு ரசத்தை ஊத்தி, நின்னபடியே சாப்பிட்டுட்டு அடுத்த வேலையைப் பாப்போம். இதை ஒரு குறையா சொல்லல. வேலைன்னா அப்படித்தான். ஆனா வருஷக்கணக்கா அப்படி எண்ணிப் பழகின புத்தி, வீட்டுக்கு வந்தாலும் அப்படியேதான் எண்ணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

எம் பொண்ணைப் பெத்தது நான், வளர்த்தது எங்க அக்கா. நான் ஓட்டலுக்குப் போக ஆரம்பிச்சப்ப பொண்ணுக்கு நாலு வயசு. காலையில ஆறு மணிக்குப் போனா ராத்திரிதான் வருவேன். எங்க வீட்டுக்காரருக்கு லாட்ஜ் கவுண்ட்டர்ல வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. கீழ்பென்னாத்தூர்ல இருந்த அக்கா வந்து பாத்துட்டு, "குழந்தையை இப்படி ஊருக்கெல்லாம் குடுத்து வளப்பியா?"ன்னு ஒரு கத்து கத்திட்டு இடுப்புல தூக்கிக்கிட்டுப் போயிட்டா. அவளுக்குப் புள்ள இல்ல. புருசன் கல்யாணமான நாலாவது வருஷமே போய்ச் சேந்துட்டாரு. கொஞ்சம் நிலம் இருக்கு, மல்லாட்டை போடுவா. நீங்க வேர்க்கடலைம்பீங்க. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் எம் பொண்ணு அங்கதான் இருந்தா. தினமும் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு, மணி அடிச்சுக் குழந்தை உள்ள போற வரைக்கும் வெளியவே நின்னுட்டுதான் அக்கா கொல்லிக்கு, அதான் நிலத்துக்கு, போவாளாம். நான் ஒரு நாளு கூட அப்படி நின்னதில்ல.

பொண்ணு படிச்சு சென்னையில வேலைக்குப் போனா. கூட வேலை செய்யற பையனைப் பிடிச்சிருக்குன்னா. பையனோட அப்பா பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, அம்மா டீச்சரு. ரெண்டு வீட்டுலயும் பேசி, ஒரு சனிக்கிழமை அவங்க குடும்பமா எங்க வீட்டுக்கு வந்து பாக்கறதுன்னு முடிவாச்சு. சாயந்திரம் சாமி பாத்துட்டு, ஏழு மணிக்கு எங்க வீட்டுல சாப்பாடு. அந்தம்மா போன் பண்ணி, "எங்களுக்காக ஒண்ணும் சிரமப்படாதீங்க, ரெண்டு இட்லி போதும்"னாங்க. நல்ல மனசுலதான் சொன்னாங்க. எனக்குதான் மூக்கு மேல கோபம் வந்துச்சு. ஓட்டல்ல வேலை செய்யறவ, இட்லியைத் தவிர என்ன தெரியப்போவுதுன்னு நினைக்கறாங்களோன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு. எங்க வீட்டுக்காரர் கிட்ட சொன்னா, "அந்தம்மா அப்படிச் சொன்ன மாதிரி தெரியலையே"ன்னாரு. அவருக்கு என்ன தெரியும்? லசானியா செஞ்சே தீர்றதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

அன்னிக்கு முதல் பஸ்ஸுக்கே அக்கா வந்துட்டா. ஒரு கையில தூக்குல தயிரு, ஒரு கையில மல்லாட்டை மூட்டை, தோள்ல மஞ்சப்பை. மஞ்சப்பையில அவளோட ஒரே பட்டுப்புடவை. அவங்க வர்றதுக்கு முன்னாடி குளிச்சுட்டு கட்டிக்கறேன்னு சொல்லி, அதைக் கதவு ஆணியில மாட்டுனா. கட்டியிருந்தது நிறம் போன நூல் புடவை, ரவிக்கை வேற கலரு. புடவையைத் தூக்கிச் சொருவிக்கிட்டு, "இன்னாடி ஆவணும், சொல்லு"ன்னு அடுப்படியில உக்காந்துட்டா.

எங்க அக்கா கையை வச்சா வேலை பறக்கும். பாலைத் திரிச்சு, துணியில கட்டி, பன்னீரை உதிர்த்துக் குடுத்தா. கீரையை வேக வச்சுப் பிழிஞ்சு பொடியா அரிஞ்சா. எங்க ஊரு தக்காளி புளிக்கும், அதுக்குக் கொஞ்சம் சர்க்கரை போட்டேன். குழம்புல எவனாவது சர்க்கரை போடுவானான்னு ஒரு மணி நேரம் சிரிச்சா. மதியத்துக்கு மேல தாளை வேக வைக்கப் பாக்கெட்டைப் பிரிச்சா, பாதி நொறுங்கிக் கெடக்கு. முழுசா இருந்ததை எண்ணுனேன். பதிமூணு. பந்தியில உக்காரப் போறது ஆறு பேரு: பையன், அவங்க அப்பா, அம்மா, அவனோட அக்கா, எம் பொண்ணு, எங்க வீட்டுக்காரரு. தலைக்கு ரெண்டுன்னா பன்னெண்டு. ஒண்ணு கையிருப்பு. சரியாப் போச்சுன்னு நிம்மதியாயிட்டேன். எண்ணும்போது எங்க அக்கா எனக்கு எதிர்ல ஒரு முழம் தள்ளிதான் உக்காந்திருக்கா. எனக்கு அவளும் ஞாபகம் வரல, நானும் ஞாபகம் வரல.

முக்கால் பதம் வெந்ததும் தாளை எடுத்து, ஈர வேட்டித் துணியில ஒண்ணு மேல ஒண்ணு படாம விரிச்சேன். பூரணத்தைப் பரப்பி, ஓரத்துல ஒரு விரக்கடை விட்டு, சுருட்டி, மடிப்புப் பக்கம் கீழ வர்ற மாதிரி தட்டுல அடுக்கணும். ரெண்டு காட்டுனேன், மூணாவதுல இருந்து என்னை விட அவ நல்லா சுருட்டுனா. "பாய் சுருட்டற வேலைதானே"ன்னா. கடைசித் தாளு தண்ணியிலேயே கிழிஞ்சு போச்சு. தூக்கி எறியப் போனேன். கையைப் பிடிச்சுக்கிட்டா.

"ஏண்டி எறியற, குடு. இது எனக்கு. பதினெட்டு வருஷமா இன்னாத்தையோ செஞ்சு வெள்ளக்காரனுக்குப் போடறே, ஒரு நாளாவது நான் துன்னு பாத்திருக்கனா?"

கிழிசலை ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி, வழிச்ச பூரணத்தை எல்லாம் அதுல வச்சு சுருட்டுனா. மத்ததெல்லாம் ஒரே அளவா இருக்க, இது மட்டும் குண்டா, ஒரு பக்கம் சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தட்டு மூலையில அவளே வச்சா. நான் எல்லாத்துக்கும் மேல பால்ல மாவு கரைச்சுக் காய்ச்சின வெள்ளைக் குழம்பை ஊத்தி, சீஸ் தூவி மூடி வச்சேன்.

ஏழு மணிக்கு வர வேண்டியவங்க அஞ்சரைக்கே வந்துட்டாங்க. கோயில்ல கூட்டம் கம்மி, சீக்கிரம் சாமி பாத்துட்டாங்களாம். எம் பொண்ணும் அவங்க கார்லயே சென்னையில இருந்து வந்திருந்தா. அக்கா இன்னும் குளிக்கல. கீழ உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்கா, புடவை முட்டி வரைக்கும் ஏறியிருக்கு, முகமெல்லாம் வேர்வை. எம் பொண்ணு பையனையும் அவனோட அக்காவையும் மலை பாக்கறதுக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனா. அந்த நேரம் பாத்து, "வாசனை தெருவுக்கே வருது"ன்னு சிரிச்சுக்கிட்டே அந்தம்மா நேரா அடுப்படிக்குள்ள வந்துட்டாங்க. அக்காவைப் பாத்தாங்க. இவங்க யாருன்னு என்னைக் கேட்டாங்க.

"ஒத்தாசைக்கு வந்திருக்காங்க"ன்னேன்.

யோசிச்சுச் சொல்லல. யோசிச்சிருந்தா கூட அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ, எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல. அவ ஒத்தாசைக்குத்தான் வந்திருந்தா, அதுல பொய் இல்ல. ஆனா எங்க அக்காவை நான் வாழ்நாள்ல 'வந்திருக்காங்க'ன்னு சொன்னதே இல்ல. அவ, இவ, வாடி போடின்னு பழகினவளுக்கு, ரோட்டுல போறவங்களுக்குக் குடுக்கற மரியாதையைக் குடுத்துத் தள்ளி வச்சுட்டேன். என்னை ஒரு சமையக்காரியா யாரும் பாத்துடக் கூடாதுன்னு ஒரு வாரமா பதறிக்கிட்டு இருந்தவ, சொந்த அக்காவை ஒரு வார்த்தையில சமையக்காரி ஆக்கிட்டேன். அசிங்கமா இருக்கு, இப்ப எழுதும்போது கூட.

அக்கா நிமிந்து பாத்தா. என்னை இல்ல, அந்தம்மாவை. புடவையை இழுத்து விட்டுக்கிட்டு, பூண்டுக் கையோட கும்பிட்டா. அந்தம்மாவும் கும்பிட்டுட்டு கூடத்துக்குப் போயிட்டாங்க. அக்கா மறுபடி பூண்டு உரிச்சா. நான் ஓவனைப் பாக்கற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல எம் பொண்ணு ஓடிவந்து பெரிம்மான்னு பின்னால இருந்து கட்டிக்கிட்டா. வா, வந்து எல்லாரையும் பாருன்னு கையைப் பிடிச்சு இழுத்தா. "முதல்ல அவங்க சாப்பிடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு நான் முந்திக்கிட்டேன். அக்காவும் அதையே சொன்னா. வேர்வை நாத்தத்தோட எப்படி வர்றது, போ போ, போய் பந்தியைப் பாருன்னு விரட்டிட்டா. குளிக்கவும் போகல, பட்டுப்புடவையையும் எடுக்கல. ஒத்தாசைக்கு வந்தவ பட்டு கட்டிக்கிட்டு வந்து நின்னா என் வார்த்தை என்னாவுறதுன்னு நினைச்சிருக்கா. அது எனக்கு அப்பவே புரிஞ்சுது. புரிஞ்சும் சும்மா இருந்தேன்.

சாப்பாடு நல்லா அமைஞ்சுது. தட்டுக்கு ரெண்டு ரோல், பக்கத்துல கொஞ்சம் வறுத்த காய். அந்தம்மா ஒவ்வொரு வாய்க்கும் இது என்ன அது என்னன்னு கேட்டுச் சாப்பிட்டாங்க. ஜாதிக்காய் போட்டிருக்கீங்களான்னு கேட்டப்ப எனக்குத் தலைகால் புரியல. பையனோட அப்பா அதிகம் பேசாதவரு. தட்டை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, கூச்சத்தோட, "இன்னொண்ணு இருக்குமா?"ன்னாரு.

வீட்டுக்கு வந்தவங்க வாய் விட்டுக் கேட்டு இல்லைன்னு சொன்ன வழக்கம் எங்களுக்குக் கிடையாது. எல்லாத்தையும் அண்டா நிறைய செய்யறவங்களுக்கு அது கஷ்டமும் இல்ல. நான்தான் எண்ணிச் செஞ்சவ ஆச்சே. இதோன்னு சொல்லிட்டு உள்ள வந்தேன். தட்டு மூலையில அது ஒண்ணு மட்டும் சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தயங்கினேன்னு சொன்னா பொய். தயங்கவே இல்ல. கரண்டியால எடுத்து, ஒட்டுப் போட்ட பக்கம் தெரியாம இருக்க மேல கொஞ்சம் குழம்பை ஊத்தி எடுத்துட்டுப் போனேன். அக்கா தொட்டியாண்ட நின்னு தட்டு கழுவிக்கிட்டு இருந்தா. தண்ணி சத்தம் நின்ன மாதிரி இருந்துச்சு. நான் திரும்பிப் பாக்கல. தீந்துபோச்சுங்க, அடுத்த தடவை நிறைய செய்யறேன்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் சிரிச்சுட்டுக் கையைக் கழுவியிருப்பாரு. அவ்ளோதான் விஷயம்.

எல்லாரும் கை கழுவிட்டு உக்காந்ததும், நான் தடுக்கறதுக்குள்ள எம் பொண்ணு உள்ள போயி அக்காவை அப்படியே தோளைப் பிடிச்சு கூடத்துக்குத் தள்ளிக்கிட்டு வந்துட்டா. அதே நூல் புடவை, ஈரக் கை.

"இதுதான் எங்க பெரிம்மா. அம்மாவோட அக்கா. என்னை வளர்த்தவங்க"ன்னா.

பையன் எழுந்து நின்னுட்டான். அவங்க அம்மா என்னைப் பாத்தாங்க. கோபமா எல்லாம் இல்ல. தப்புக் கணக்கு போட்ட பிள்ளையை டீச்சர் பாக்கற மாதிரி, நீயே சொல்லுன்னு காத்திருக்கற பார்வை. "ஒத்தாசைக்கு வந்தவங்கன்னு சொன்னீங்களே?"ன்னு மெதுவா கேட்டாங்க. எம் பொண்ணு முகம் செத்துப்போச்சு. இந்தச் சம்பந்தம் இதோ என் கண்ணு முன்னாடியே போகுதுன்னு நினைச்சேன்.

"நான்தாங்க அப்படிச் சொல்லச் சொன்னேன்"னா அக்கா, சிரிச்சுக்கிட்டே. "அழுக்குப் புடவையோட இருந்தேன். பெரிம்மான்னு இந்தக் கோலத்துல காட்டுனா புள்ளைக்கு அசிங்கம், அப்புறம் சொல்லிக்கலாம், இப்போதைக்கு ஒத்தாசைக்கு வந்தவன்னு சொல்லுடின்னேன். தங்கச்சி மேல தப்பு இல்லீங்க."

அந்தம்மா எழுந்து வந்து அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. இதுல என்னங்க அசிங்கம்னு சொல்லி, பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாங்க. நீங்க சாப்பிட்டீங்களா, உங்க கை பட்டதுதானே இதெல்லாம்னு விசாரிச்சாங்க.

"ஆச்சுங்க. ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்தேன். எனக்கு அது ஒத்துக்கல. நமக்கு சோறுதான்"னா.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிக்கே தேதி பேசி முடிச்சாங்க.

அவங்க கிளம்பினப்புறம் அக்கா ரெண்டு தட்டுல சோத்தைப் போட்டு ரசம் ஊத்துனா. எனக்குப் பசிக்கலன்னேன். அவ சாப்பிட்டா. மறுநாள் காலையில எழுந்து பாத்தா, ஓரமெல்லாம் கருகிப் பிடிச்சிருந்த லசானியா தட்டைத் தேங்கா நாரு போட்டுத் தேச்சு, புதுசு மாதிரி கவுத்து வச்சிருக்கா. பஸ் ஏத்திவிடக் கூடவே போனேன். வழி பூரா எப்படி ஆரம்பிக்கறதுன்னு பாத்தேன். கடைசியில, "பட்டுப்புடவையைக் கட்டவே இல்லியே"ன்னுதான் வாயில வந்துச்சு. "வேர்வையில பட்டு எதுக்குடி, கசகசன்னு"ன்னு சொல்லிட்டு மஞ்சப்பையை மடியில வச்சுக்கிட்டு ஜன்னலோரமா உக்காந்துட்டா.

அவ என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். குழந்தையை ஊருக்குக் குடுத்து வளப்பியான்னு அன்னிக்குக் கத்துனாளே, அந்த வாயி எங்க போச்சு? கல்யாணத்துல அதே பட்டைக் கட்டிக்கிட்டு மேடையில நின்னா, எல்லாம் செஞ்சா. எங்கிட்ட ஒரு குறை வைக்கல. ஆனா எம் பொண்ணு வீட்டுல, சம்பந்தி வீட்டுல, எங்க லசானியா செஞ்சாலும் அவளுக்கு மட்டும் தனியா சோறு. அவளும், எனக்கு அது ஒத்துக்காதுங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றா. மாத்திச் சொன்னா அன்னிக்குச் சொன்னது பொய்னு ஆயிடும். எனக்காகச் சொன்ன பொய்யை எனக்காகவே கட்டிக் காப்பாத்திக்கிட்டு இருக்கா.

போன மாசம் எனக்குப் பொறுக்கல. வீட்டுல தனியா உக்காந்து ஆறு ரோல் செஞ்சேன். ஒரு தாளை வேணும்னே கிழிச்சு, ஒட்டுப் போட்டு, குண்டா சுருட்டுனேன். டப்பாவுல வச்சு எடுத்துக்கிட்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறுனேன். மல்லாட்டை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. டப்பாவைத் திறந்ததும் குண்டா இருக்கறதை விரலால தொட்டு, இது நான் சுருட்டுன மாதிரியே இருக்குதேன்னு சிரிச்சா. தோசைக்கல்லுல எல்லாத்தையும் வச்சு, தட்டைப் போட்டு மூடி சூடு பண்ணா. சாப்பிடுக்கான்னேன்.

"எனக்குதான் அது ஒத்துக்காதே"ன்னா.

அந்த வீட்டுல எங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்ல. கதவு கூட சாத்தியிருந்துச்சு. அக்கா, அன்னிக்கு நான் பண்ணதுன்னு ஆரம்பிச்சேன். அவ முடிக்க விடல. குண்டா இருந்ததை எடுத்து ஒரு தட்டுல வச்சு எங்கிட்ட நீட்டுனா.

"அன்னிக்கு நீயும்தான் ஒண்ணும் துன்னல. இந்தா."

நான் சாப்பிட்டேன். வேற என்ன பண்றது? எதிர்ல உக்காந்து, முட்டியைக் கட்டிக்கிட்டு, நான் மெல்லறதையே பாத்துக்கிட்டு இருந்தா. ரெண்டு வாய் போனதும், சின்னப் பிள்ளை மாதிரி ஆசையா கேட்டா.

"எப்பிடிடி இருக்குது?"